முப்பத்தொண்ணு வரலையா?

போன கார்த்திகை அமாவாசை அன்று நாங்கள் 29 பேர் இரண்டு வேன் பிடித்து ஏற்காடு போய்விட்டு வந்தோம். 1987-இல் சேலம் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு பி பிரிவில் ஒன்றாக உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள், இப்போது எல்லோருக்கும் ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து வயது. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு ஏன் வேலை நாளில், அதுவும் அமாவாசையில் போகிறீர்கள் என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் பெயரையும் எழுதப் போவதில்லை. வருகைப் பதிவேட்டில் இருந்த நம்பரே போதும், எங்களுக்குள் பாதிப் பேரை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் 30.

எங்கள் வாட்ஸ்அப் குழு 2019-இல் ஆரம்பித்தது. ஆரம்பித்தவன் சென்னையில் இருக்கிறான். அவனிடம் இருந்ததெல்லாம் 1989-இல் கூட பிளஸ் டூ முடித்தவர்களின் நம்பர்கள், அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்த்தார்கள், அந்த இரண்டு பேரும் பிளஸ் டூ முடித்தவர்களாகவே இருந்தார்கள். யாரும் திட்டம் போட்டு அப்படிச் செய்யவில்லை. ஆனால் அப்படித்தான் ஆனது. 2022-இல் முதல் சந்திப்பு வைத்தோம், ஓட்டல் ஹாலில், தலைக்கு 2,500 ரூபாய், எல்லோருக்கும் ஒரே நிற டிசர்ட், ஒரு ஷீல்டு. தொகையை முடிவு செய்த நாலு பேரில் நானும் ஒருவன். அன்றைக்கு எங்கள் கணக்கு வாத்தியார் வந்திருந்தார், அப்போதே அவருக்கு 84 வயது. பொன்னாடை போர்த்தி உட்கார வைத்தோம். அவர் எங்கள் முகங்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு, மைக்கைக் கூட வாங்காமல், பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "முப்பத்தொண்ணு வரலையா?"

எனக்கு வாய் வரவில்லை. 31 எனக்கு அடுத்த நம்பர். மூன்றாவது பெஞ்சில் இரண்டு வருடம் என் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது வண்டி நிறுத்தும் இடத்தில் எங்கள் கிளாஸ் லீடர் என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் இப்போது அரசு பஸ்ஸில் கண்டக்டர். பள்ளியில் தினமும் காலையில் பதிவேட்டை ஆபீசில் இருந்து எடுத்துவந்து வாத்தியார் மேசையில் வைப்பது அவன் வேலை. அங்கேயே பைக்கில் சாய்ந்தபடி ஒன்றில் இருந்து நாற்பத்தாறு வரை ஒரு பெயர் விடாமல், இனிஷியலோடு ஒப்பித்தான். நான் விரல் விட்டு எண்ணினேன். நாற்பத்தாறு பேரில் குழுவில் இருந்தது 17 பேர். மீதி 29 பேர் எங்கே? மூன்று வருடமாகக் குழுவில் காலை வணக்கம் போட்டுக்கொண்டிருந்தோம், ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை.

31-ஐப் பற்றிச் சொல்கிறேன். பத்தாவது பரீட்சையில் நான் 371, அவன் 428. ரிசல்ட் வந்த அன்று சாயங்காலப் பேப்பரில் நம்பரைத் தேடிப் பார்த்தது இரண்டு பேரும் சேர்ந்துதான், பட்டைக்கோவில் பக்கம் ஒரு பெட்டிக்கடை வாசலில், ஒரே பேப்பரில். நான் 30, அவன் 31, பரீட்சை நம்பரும் அடுத்தடுத்துத்தான் இருந்தது. ஜூன் மாதம் நான் பிளஸ் ஒன் சேர்ந்தேன். அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவே இல்லை. அம்மாபேட்டையில் பத்தாவதோடு தறிக்குப் போவது அப்போது சாதாரணம், அப்பா தறியில் இருந்தால் மகனும் தறி, இல்லாவிட்டால் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. கேட்கிற விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் அவன் தெருவில் பாவு போட்டிருப்பார்கள், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்துக் காயவைத்து. நான் டியூஷன் முடித்து சைக்கிளில் வருவேன். பாவுக்கு நடுவில் அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பது தூரத்தில் இருந்தே தெரியும். நான் முந்தின சந்திலேயே திரும்பிவிடுவேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருடத்துக்கு மேல். அவன் என்னைப் பார்த்துவிட்டால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. என் கேரியரில் இருந்த புத்தகங்கள் எனக்கே உறுத்தின.

அந்த வருடத்தில் ஒரே ஒரு தடவை அவனோடு உட்கார்ந்திருந்தேன். 1987 டிசம்பர் 24. விடிந்ததுமே எம்.ஜி.ஆர் இறந்துவிட்ட செய்தி ரேடியோவில் வந்தது. பஸ் இல்லை, கடை இல்லை. அம்மாபேட்டையில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம் மூச்சு மாதிரி, இருப்பதே தெரியாது. அன்றைக்கு அது நின்றுபோனபோதுதான் தெரு எவ்வளவு பெரிசு என்று தெரிந்தது. எங்கெங்கோ நடந்து அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அவன் அப்பா, மாடர்ன் தியேட்டர்ஸ் வாசலில் எம்.ஜி.ஆரை நேரில் பார்த்ததைச் சொல்லிச் சொல்லி அழுதார். நாங்கள் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. பஸ் ஓட ஆரம்பித்ததும் நான் பழையபடி சந்தில் திரும்ப ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் காலேஜ், வேலை, ஓசூர். முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

சரி, தேட ஆரம்பித்ததைச் சொல்கிறேன். லீடருக்கு டியூட்டி இல்லாத நாளும் நான் ஓசூரில் இருந்து வரும் நாளும் ஒத்துப்போகும்போதெல்லாம் அவன் பைக்கில் கிளம்பிவிடுவோம். 9 இளம்பிள்ளையில் இருந்தான், சொந்தமாக நாலு விசைத்தறி, எங்கள் எல்லோரையும்விட வசதியாக இருக்கிறான். 17 சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில், பற்றவைக்கும் தீக்கு முன்னால் குனிந்து குனிந்து முதுகு வளைந்துவிட்டது. 40 பூ வியாபாரம். ஒருவன் மாம்பழ சீசனில் குண்டும் மல்கோவாவும் கூடையில் வைத்து விற்பான், மற்ற மாதங்களில் பெயின்ட் வேலை. எல்லோருமே சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும்தான் இருந்தார்கள். இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அமெரிக்காவில் இருப்பவனின் நம்பர் எங்களிடம் இருந்தது, கிச்சிப்பாளையத்தில் இருப்பவனின் நம்பர் இல்லை.

17 சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "உங்க குரூப் இருக்கறது தெரியும்டா. என் மச்சான் அதுல இருக்கான், போட்டோவெல்லாம் காட்டினான். யாரும் கூப்பிடல, சரின்னு இருந்துட்டேன்."

இரண்டு வருடத்தில் 21 பேரைக் கண்டுபிடித்தோம். ஐந்து பேர் இல்லை, அதில் இரண்டு பேர் 2021 கொரோனாவில் போனவர்கள், ஒரே வாரத்தில். அவர்கள் வீடுகளுக்கும் போனோம். ஒரு வீட்டில் அவன் மனைவி எங்களை உட்கார வைத்து, அவன் பள்ளியில் எப்படி இருப்பான் என்று கேட்டுக் கேட்டு ஒரு மணி நேரம் பேச வைத்தார். மீதி மூன்று பேரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

31-இன் வீடு எங்களுக்குத் தெரியாத வீடில்லை. அதே தெரு, அதே வீடு. தெரிந்தே கடைசிக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன், லீடரும் புரிந்துகொண்டு வற்புறுத்தவில்லை.

ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சேலத்துக்காரர்களுக்குத் தெரியும், கோட்டை மாரியம்மனில் பூச்சாட்டினால் ஊரே திரும்பி வந்துவிடும். அம்மாபேட்டை வண்டி வேடிக்கை அன்று ராத்திரி கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன, சாமி வேஷம் போட்ட பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் நிற்க, ஜோடனை விளக்குகளோடு. ஒரு வண்டியில் முருகன் வேஷத்தில் ஒரு பையன். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பதாவது படிக்கும்போது 31 இதே வேஷம் போட்டான், விடியும் வரை வேலைப் பிடித்தபடி நின்று மறுநாள் கையைத் தூக்க முடியாமல் பள்ளிக்கு வந்தான், அவனுக்கு நான்தான் நோட்டு எழுதிக் கொடுத்தேன். வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் கவட்டை மூங்கிலால் தெருவில் தொங்கும் வயர்களைத் தூக்கி வழிவிட்டுக்கொண்டு போனார். தலை முழுக்க நரை. மேலே பார்த்தபடியே நடந்ததால் என்னைப் பார்க்கவில்லை. அவன்தான். வண்டியில் நின்றது அவன் பேரன்.

அன்றைக்கும் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் லீடரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே போனேன்.

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. குழியில் கால் விட்டு உட்கார்ந்து வெண்பட்டு வேட்டி நெய்துகொண்டிருந்தான். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். அடையாளம் தெரிந்துகொண்டான், அது முகத்திலேயே தெரிந்தது. எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான், "வாங்க. உக்காருங்க."

டேய் என்று வரும் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு அந்த 'வாங்க' எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் மனதார மரியாதையாகச் சொன்னான். லீடர் 'வாடா போடா' என்றுதான் பேசினான், அவனுக்கும் 'சொல்லுங்க' என்றே பதில் வந்தது. அவன் மனைவி, "அண்ணா, டீ சாப்பிடுறீங்களா, காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

என்ன பேசுவது என்று தெரியாமல் தறியைப் பார்த்தேன். ஒரு இழை அறுந்து தொங்கியது. அவன் பேசிக்கொண்டே, பக்கத்தில் கொட்டாங்குச்சியில் இருந்த சாம்பலை விரலில் தொட்டு, அறுந்த இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினான். முடிச்சு இல்லை. இணைத்த இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தும் தெரியவில்லை. அந்தத் தெருவில் முன்பு இருபது வீட்டிலாவது கைத்தறி இருந்தது. இப்போது அவனோடு சேர்த்து மூன்று.

சந்திப்புக்குக் கூப்பிட்டோம். "நான் எதுக்குங்க, நீங்கெல்லாம் படிச்சவங்க," என்றான். அப்புறம் லீடர் விடாமல் கேட்கக் கேட்க, "ஞாயித்துக்கிழமைன்னா முடியாதுங்க, அமாவாசைக்குத்தான் எங்களுக்குத் தறி லீவு," என்றான். வெளியே வந்து தெருமுனை திரும்புவதற்குள் நாங்கள் முடிவு செய்துவிட்டோம், அமாவாசைதான் என்று.

குழுவில் சொன்னபோது இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள், லீவு கிடைக்காது, ஏன் பெரும்பாலானவர்களுக்கு வசதியான நாளாக வைக்கக் கூடாது என்று. பெரும்பாலானவர்கள் யார் என்று பதிவேட்டைப் பார்த்து எண்ணச் சொன்னேன். பணத்திலும் ஒரு ஏற்பாடு செய்தோம். தலைக்கு இவ்வளவு என்று வைக்கவில்லை, முடிந்தவர்கள் முடிந்ததை லீடரிடம் கொடுத்துவிட வேண்டும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது லீடருக்கு மட்டும்தான் தெரியும், அதை அவன் பொண்டாட்டியிடம் கூடச் சொல்லக் கூடாது. டிசர்ட் இல்லை, ஷீல்டு இல்லை. புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், 9-இன் வீட்டில் இருந்து ஒரு தூக்குப் போசி நிறைய இனிப்புப் பணியாரம். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு குழு இருந்தால், தயவுசெய்து பத்தாவது பதிவேட்டில் இருந்து தொடங்குங்கள். போனில் லிங்க் அனுப்பினால் வரமாட்டார்கள், வீட்டுக்குப் போங்கள்.

கிளம்பிய அன்று அஸ்தம்பட்டியில் வாத்தியார் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினோம். மலை ஏற அவருக்கு உடம்பு இடம் கொடுக்காது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தவர், 31-இன் கையைப் பிடித்துக்கொண்டு வேறு யாரையும் பார்க்கவில்லை. "உங்க அப்பா என்னை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாருடா," என்றார். அது என்ன விஷயம் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

கோரிமேடு தாண்டி, அடிவாரத்தில் டீ குடித்து, மலை ஏறினோம். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. ஐந்தாறு வளைவு தாண்டியதும் ஜில்லென்று ஆகிவிட்டது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, கீழே காப்பிச் செடிகளில் பழம் சிவந்திருந்தது. 31 ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில், மூன்றாவது சீட்டில்தான் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். அவனாகவே சொன்னான். 1987 ஜூனில் வாத்தியார் இரண்டு முறை வீட்டுக்கு வந்திருக்கிறார், பிளஸ் ஒன் பீஸ், புத்தகம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், பையனை அனுப்புங்கள் என்று. ஆனால் பிரச்சினை பீஸ் இல்லை. அக்கா கல்யாணத்துக்கு அப்பா முதலாளியிடம் 3,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். முன்பணம் வாங்கினால் அது தீரும் வரை அவருக்குத்தான் நெய்ய வேண்டும். அப்பாவுக்கு மூட்டு போய்விட்டது, மிதிக்க முடியாது. மிதிப்பதற்கு ஒரு கால் வேண்டும், அவ்வளவுதான். "அந்த முன்பணம் அடைய ஏழு வருஷம் ஆச்சுங்க," என்றான். நான் பிளஸ் டூ, பிஎஸ்சி முடித்து, வேலைக்குச் சேர்ந்து, முதல் பைக் வாங்கிய ஏழு வருடம்.

சந்தில் திரும்பியதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும்ங்க," என்றான். "சைக்கிள் பெல்லு உங்களுதுன்னு தெரியும்."

அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. ஏரி வந்துவிட்டது.

பத்தாவதில் பள்ளியில் இருந்து ஏற்காட்டுக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள், 12 ரூபாய். அப்போது லேடிஸ் சீட் என்கிற மலைமுனையில் எடுத்த போட்டோ எல்லோரிடமும் இருக்கிறது, அதில் 31 இல்லை, காய்ச்சல் என்று சொன்னான். இந்தத் தடவை அதே இடத்தில் போட்டோ எடுத்தோம். அவன் ஏற்காட்டுக்கு வருவது மூன்றாவது முறையாம், முந்தின இரண்டும் மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கு. கீழே சேலம் பனியில் மங்கலாகத் தெரிந்தது. அவன் குமரகிரிக் குன்றை அடையாளம் வைத்து அம்மாபேட்டை எது என்று மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். 17 பக்கத்துக் குடும்பத்திடம் பைனாக்குலர் கேட்டு வாங்கி வந்து அவனிடம் கொடுத்தான்.

படகுச் சவாரி, மிளகாய் பஜ்ஜி, பழைய கதை எல்லாம் முடிந்து சாயங்காலம் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து நான் கணக்கு எழுதினேன். வேன் 13,000, சாப்பாடு 4,200, டீ பஜ்ஜி 1,380, படகு 2,150. கூட்டி 20,630 என்று லீடரிடம் சத்தமாகச் சொன்னேன். 31 எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். தாளைப் பார்க்கவே இல்லை, காதில் வாங்கியதுதான்.

"டேய் முப்பது, நூறு ரூபாய விட்டுட்டடா. இருபதாயிரத்து எழுநூத்தி முப்பது."

லீடர் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்து கணக்கைத் திருத்தினேன், உடனே நிமிர முடியவில்லை.

ராத்திரி இறங்கி வந்து டவுனில் வேனை நிறுத்தி ஆளுக்கு ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டோம். சட்னி வழிகிற கையோடு 31 ஒரு தகவல் சொன்னான். எங்களுக்குக் கிடைக்காத மூன்று பேரில் 22, தாரமங்கலம் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் இருப்பதாக நூல் கொண்டுவரும் ஆள் யாரோ சொல்லியிருக்கிறார். அடுத்த அமாவாசைக்கு லீடருக்கு டியூட்டி இருக்கிறது. நீ வர்றியாடா என்று 31 என்னைக் கேட்டான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.